மூணாம் நம்பர் ராடும் அவலாஞ்சி ஓடையும்

சின்ன மலை ஓடையில் ட்ரவுட் பிடிக்க எந்த ஃப்ளை ராட் வாங்கலாம்னு தேடினா, கிடைக்கிற பதில் எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஓடை சின்னது, மீன் சின்னது, அதனால ராடும் சின்னது. ஆறரை அடி இல்லன்னா ஏழு அடி நீளம், மூணாம் நம்பர், கை பழகினவங்களுக்கு ரெண்டாம் நம்பர். கடை விவரப் பட்டியல், வீடியோ, அமெரிக்கக் கையேடு எதை எடுத்தாலும் இந்த ஒரே வாக்கியத்தை வேற வேற சொற்களில் எழுதியிருக்காங்க.

இந்த வாக்கியத்தைத்தான் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கிறேன். தமிழ்நாட்டில் ட்ரவுட் இருக்கிற ஓடைன்னா முக்கியமா நீலகிரி மேட்டுநிலம்: அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, பார்சன்ஸ் வேலி, முக்கூர்த்திப் பக்கம். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் ஓடை இருக்கு. ஆனா ட்ரவுட்டுக்குத் தேவையான குளிர் தண்ணி அங்கே கிடையாது. அதனால வேலூர், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஆசைப்படுற ஒருத்தர் ராடைத் தூக்கிக்கிட்டு ராத்திரி பஸ் ஏறித்தான் ஆகணும். அவர் கையில் இருக்கிற ராட் அங்கே உண்மையில் வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி.

நம்பர் எதை அளக்குது?

ஃப்ளை மீன்பிடிப்பு தெரியாதவங்களுக்கு ஒரு விளக்கம். நம்ம ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டும் இரையும் சேர்ந்த எடைதான் தங்கூசியை இழுத்துக்கிட்டுப் போகும். ஃப்ளை முறையில் முள்ளில் கட்டியிருக்கிறது இறகும் நூலும்தான். அதுக்கு எடையே கிடையாதுன்னு வெச்சுக்கலாம். அதைத் தூரத்துக்குக் கொண்டுபோறது தடிமனான, எடையுள்ள லைன். ராட் அந்த லைனோட எடையில் வளைஞ்சு, நிமிரும்போது லைனை முன்னாடி தள்ளும். லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டுற, நுனி போகப் போக மெலியும் தங்கூசிக்குப் பேர் லீடர்.

1960 வாக்கில் அமெரிக்க மீன்பிடிக் கருவித் தயாரிப்பாளர் சங்கம் ஒரு தர அளவு கொண்டுவந்தது. லைனோட முதல் 30 அடி எவ்வளவு எடையோ அதுக்கு ஒரு நம்பர். மூணாம் நம்பர்னா 100 கிரெய்ன், நாலுன்னா 120, அஞ்சுன்னா 140. கிராமில் சொன்னா சுமார் 6.5, 7.8, 9.1. நம்ம காசில் சொல்லணும்னா, இப்போ புழங்குற சின்ன ஐந்து ரூபாய் நாணயம் 6 கிராம். அந்தக் காலத்துத் தடிமனான ஐந்து ரூபாய் நாணயம் 9 கிராம். மூணாம் நம்பருக்கும் அஞ்சாம் நம்பருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ரெண்டு காசுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அப்போ ராட் மேல போட்டிருக்கிற '3' மீனோட அளவும் இல்ல, ஓடையோட அளவும் இல்ல. முதல் 30 அடி லைன் ராட் நுனிக்கு வெளியே இருக்கும்போது, இந்த எடையைச் சுமக்க இந்த ராட் செய்யப்பட்டதுன்னு அர்த்தம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். 42ஆம் நம்பர்ங்கிறது காலோட நீளம் இல்ல, லாஸ்ட்டோட நீளம். ஒரு பாயிண்ட் மூணில் ரெண்டு பங்கு சென்டிமீட்டர், ஆக 28 செ.மீ. லாஸ்ட். அதுக்குள்ள போற கால் அதைவிடச் சின்னது. நம்பரைப் பார்த்து என் கால் 28 செ.மீ.ன்னு நினைக்கிறவர் அங்கே யாருமில்ல. ஆனா ராட் விஷயத்தில் கடைக்காரரே அந்த மாதிரிதான் பேசுறார்: சின்ன மீனுக்குச் சின்ன நம்பர்.

ஓடையில் எத்தனை அடி லைன் வெளியே வரும்?

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீலகிரி ஓடையில் பெரும்பாலும் பல இடத்தில் ஒரு தாவு தாவினா அக்கரை. மீன் நிக்கிற இடம் உங்க காலிலிருந்து 20 அடின்னு வெச்சுக்குவோம். ஏழு அடி ராடும் நீட்டின கையும் சேர்ந்து எட்டரை அடி. லீடர் ஏழரை அடி. மிச்சம் 4 அடி. அதாவது ராட் நுனிக்கு வெளியே இருக்கிற லைன் வெறும் 4 அடி.

மூணாம் நம்பர் லைனில் 4 அடியோட எடை 0.9 கிராம். லைனோட முன்பகுதி மெலிஞ்சு இருக்கும்கிறதால உண்மையில் இன்னும் குறைவு. 6.5 கிராமுக்காகச் செய்த ராடில் ஒரு கிராம்கூடத் தொங்கல. அது எப்படி வளையும்? வளையாது. வெறும் குச்சியை ஆட்டுற மாதிரிதான் இருக்கும். அந்த நம்பர் சொல்றபடி ராட் முழுசா வேலை செய்யணும்னா ஃப்ளை உங்களிடமிருந்து 46 அடி தள்ளி விழணும். சின்ன ஓடைக்குன்னு விக்கிற ராட், தன்னோட நம்பர்ப்படி பார்த்தா, சின்ன ஓடையில் வேலை செய்ய வேண்டிய அவசியமே இல்லாத ராட்.

இதே 4 அடியில் நாலாம் நம்பர் லைன் 1.0 கிராம், அஞ்சாம் நம்பர் 1.2 கிராம். கிட்டத்தில் வீசும்போது நம்பர்களுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசமே கரைஞ்சு போயிடுது. மிஞ்சி நிக்கிற ஒரே குணம் ராட் எவ்வளவு இளக்கமா வளையுதுங்கிறது. அதை எந்த நம்பரும் சொல்றதில்ல. ஒரே '3' போட்ட ரெண்டு ராடில் ஒண்ணு விறைப்பாகவும் இன்னொண்ணு புல்லு மாதிரியும் இருக்கலாம்.

பெரிய நம்பர் லைன் போட்டா ராட் உடைஞ்சிடும்னு ஒரு பயம் இருக்கு. அதையும் எண்ணில் பார்க்கலாம். மூணாம் நம்பர் ராடில் அஞ்சாம் நம்பர் லைனை 20 அடி வெளியே விட்டா எடை 6 கிராம். அந்த ராடுக்குச் சொன்ன 6.5 கிராமை அது இன்னும் தொடல. முப்பது அடிக்கு மேல வீசாத வரைக்கும் ஒரு ஆபத்தும் இல்ல.

மறுபக்க வாதத்தையும் சொல்லணும். லைன் மெல்லிசா இருந்தா தெளிஞ்ச தண்ணியில் சத்தமில்லாம விழும், மீன் மிரளாது. அகலமான, ஆழமில்லாத, தூரத்திலிருந்து வீசுற ஆத்துக்கு இது முழு உண்மை. நாலு அடி லைன் மட்டும் வெளியே இருக்கிற இடத்தில் தண்ணியில் விழுறது பெரும்பாலும் லீடர்தான். சிறு மீனும் கையில் நல்லா தெரியும், அதனாலதான் ரெண்டாம் நம்பர்னு சொல்றவங்க உண்டு. அது ரசனை சார்ந்த விஷயம், அதில் எனக்குச் சண்டை இல்ல. அதை இயற்பியல் மாதிரி சொல்லி விக்கிறதில்தான் சண்டை.

நீளம்: யாரோட காடு?

விதியோட ரெண்டாம் பாதி, ராட் குட்டையா இருக்கணும்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் ஓடையோட ரெண்டு கரையிலும் ரோடோடென்ட்ரான் புதர் அடர்ந்து, மேலே கூரை மாதிரி மூடிக்கிட்டு இருக்கும். அந்தச் சுரங்கத்துக்குள்ள ஒன்பது அடி ராடைத் தூக்கக்கூட முடியாது. அங்கே பிறந்த அறிவுரை அங்கே சரி.

நீலகிரியிலும் ரோடோடென்ட்ரான் இருக்கு. காட்டுப்பூவரசுன்னு சொல்ற அதே இனத்துச் செடிதான். ஆனா இங்கே அது புல்வெளி நடுவில் தனித்தனியா நிக்கிற, முறுக்கின உடம்புள்ள மரம். மேட்டுநிலத்தோட அமைப்பே வேற. மலை மடிப்பில் சோலைக்காடு, மத்த இடமெல்லாம் திறந்த புல்வெளி. ஓடை சோலைக்குள்ள நுழையும்போது இருட்டுச் சுரங்கம். வெளியே வந்ததும் தலைக்கு மேல வானம் மட்டும்தான். நட்டு வளர்த்த சீகை மரங்கள் கரையை மூடின இடங்களும் உண்டு.

திறந்த பகுதியில் பிரச்சினை மேலே இல்ல, கீழே. முழங்கால் உயரப் புல்லும் குத்துச்செடியும் லைனைப் பிடிச்சுக்கும். ஒளிய மரம் இல்லாததால குனிஞ்சோ மண்டி போட்டோ வீசணும். இதுக்கு உதவுறது உயரம். ராடை 60 டிகிரியில் பிடிச்சா ஏழு அடி ராடைவிட ஒன்பது அடி ராடோட நுனி கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் அடி மேலே, ஒரு அடி முன்னாடி இருக்கும். கேட்கச் சின்ன அளவாத் தெரியலாம். வேகமா ஓடுற தண்ணி மேல லைன் படாம தூக்கிப் பிடிக்க அந்த அளவுதான் தேவை. லைன் படுத்துட்டா தண்ணி அதை இழுக்கும், ஃப்ளை இயற்கைக்கு மாறா ஓடும், ட்ரவுட் கண்டுக்காது.

மேட்டுநிலத்தில் காத்தும் உண்டு. காத்துக்கு எதிரா ரெண்டாம் நம்பர் லைனைத் தள்ளிப் பார்க்கிறவங்க அடுத்த தடவை நாலாம் நம்பரோட வருவாங்க.

பழைய புத்தகம் உதவுமா?

அமெரிக்க அறிவுரை ஒத்துவரலன்னா இந்தியப் பழம் நூலுக்குப் போகலாம்னு தோணும். அப்போ எல்லோரும் கைகாட்டுறது ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதின 'தி ராட் இன் இந்தியா'. மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. முதல் பதிப்பு 1873, அதுக்கப்புறம் 1881, 1897ன்னு திருத்தப் பதிப்புகள். இந்திய மீன்களைப் பொறுமையா கவனிச்சு எழுதின நல்ல புத்தகம், அதில் சந்தேகம் இல்ல.

ஆனா தேதிகளைப் பக்கத்தில் வெச்சுப் பார்க்கணும். நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர ஃப்ரான்சிஸ் டே 1863இல் முயற்சி பண்ணினார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் கிளம்பின முட்டைகள் பிழைக்கல. அதுக்கப்புறமும் முயற்சிகள் நடந்தன. எச்.சி. வில்சன் காலத்தில், 1907 வாக்கில், அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைச்ச பிறகுதான் ரெயின்போ ட்ரவுட் இங்கே வேர் பிடிச்சது. தாமஸ் புத்தகத்தோட மூணாவது பதிப்புக்கும் அதுக்கும் நடுவில் பத்து வருஷம். அந்தப் புத்தகத்தோட கதாநாயகன் மஹ்சீர், பெரிய ஆத்து மீன். அதுக்குச் சொன்ன ராட் அளவுகளை நீலகிரி ட்ரவுட்டுக்கு மேற்கோள் காட்டுறது, அமெரிக்க விதியை மேற்கோள் காட்டுற அதே தப்போட உள்நாட்டு வடிவம். பேர்ல இந்தியா இருக்கிறதால புத்தகம் நம்ம ஓடையைப் பத்திப் பேசுதுன்னு ஆகிடாது.

மூங்கில், கண்ணாடி இழை, கார்பன்

ராடோட இளக்கம் முக்கியம்னா அடுத்த கேள்வி எதில் செய்ததுங்கிறது. இதில் இந்தியாவுக்கு ஒரு பழைய பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மூங்கிலை ஆறு பட்டையா சீவி ஒட்டி ஃப்ளை ராட் செய்ய ஆரம்பிச்சப்போ, அவங்க பயன்படுத்தினது கல்கத்தா மூங்கில். கல்கத்தா துறைமுகம் வழியா போனதால அந்தப் பேர். அது பொதுவா கல்மூங்கில்னு அடையாளம் காணப்படுது. உள்ளே துளை குறைஞ்ச, கெட்டியான, இந்தியாவோட வறண்ட காடுகளில் வளர்ற அதே இனம். பின்னாடி சீனாவோட டொன்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடிச்சது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கண்ணாடி இழை வந்தது, 1970களில் கார்பன் வந்தது. கார்பன் எடை குறைவு, விறைப்பு அதிகம். விறைப்பான ராட் தூரமா வீசும். கடையில், கண்காட்சியில் ராடை வாங்கறவர் ஆட்டிப் பார்க்கிறதும் தூரத்தைத்தான். அதனால வருஷத்துக்கு வருஷம் ராடுகள் விறைப்பாகிக்கிட்டே போச்சு. இருபது அடி ஓடைக்கு வேண்டியது இதுக்கு நேர் எதிர். கண்ணாடி இழை ராட் இன்னைக்கும் விக்குது, பொதுவா விலையும் குறைவு, கிட்டத்தில் ஒரு கிராம் எடைக்கே நுனி வளையும். அதைப் பழைய காலத்து ஏக்கம்னு ஒதுக்குறாங்க. ஏக்கமெல்லாம் இல்ல, இந்தத் தூரத்துக்குச் சரியான பொருள் அதுதான்.

வாங்கும்போது சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. வில்லியம் ஹேனிமன் என்ற அமெரிக்கர் காசை வெச்சு ராடை அளக்கிற முறை ஒண்ணு சொன்னார். ராடைப் படுக்கை மட்டத்தில் பிடிச்சு, நுனியில் ஒரு சின்னப் பையைத் தொங்கவிட்டு, ராட் நீளத்தில் மூணில் ஒரு பங்கு நுனி கீழே இறங்குற வரைக்கும் காசு போடணும். அவர் அமெரிக்க சென்ட் போட்டார், நாம ஆறு கிராம் ஐந்து ரூபாய் போடலாம். ஒரே நம்பர் போட்ட ரெண்டு ராடில் எதுக்குக் குறைஞ்ச காசு போதுமோ அதுதான் கிட்டத்து ஓடைக்கு. இதுக்குத் தண்ணியும் வேண்டாம், மீனும் வேண்டாம்.

தூண்டில்ங்கிற பழைய பதில்

நாலு அடி லைன் மட்டும் போதும்னா, ரீல் எதுக்குன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜப்பானில் மலை ஓடைக்கு டெங்காரான்னு ஒரு முறை இருக்கு. பதினொண்ணு, பன்னெண்டு அடி நீள மெல்லிய ராட், ரீல் கிடையாது, நுனியிலேயே ராட் நீளத்துக்கு லைன் கட்டியிருக்கும், முனையில் ஃப்ளை. ஏரிக்கரையில் மூங்கில் கழியில் தங்கூசி கட்டிக் கெளுத்திக்கு உக்காந்திருக்கிறவர் கையில் இருக்கிறதும் அதே அமைப்புதான். தக்கையும் மண்புழுவும் இல்லன்னு வெச்சுக்கோங்க, அவ்வளவுதான்.

ஓடையில் சாண் அளவு மீன்தான் வழக்கம்கிறதால நீலகிரியின் திறந்த பகுதிக்கு இது நல்லாவே பொருந்தும். நீர்த்தேக்கத்திலிருந்து ஏறி வர்ற பெரிய மீன் மாட்டினா விட்டுக்கொடுக்க லைன் இருக்காது, மெல்லிய தங்கூசி அறும். அதைத் தெரிஞ்சு தேர்ந்தெடுக்கணும். விமர்சனமா நான் சொல்றது இதுதான்: சின்ன ஓடைக்கு மூணாம் நம்பர்னு அடிச்சுச் சொல்ற எந்தப் பட்டியலிலும் இந்த நம்பரே இல்லாத ராடுக்கு இடம் இருக்காது. ஏன்னா பட்டியலே நம்பர்ப்படி அடுக்கினது.

மீனோட மூச்சு

லேசான ராட் விஷயத்தில் இன்னொரு பக்கம் இருக்கு. பிடிச்சு விட்டுடுவேன்னு சொல்றவங்க இதைக் கணக்கில் எடுக்கணும். 10 டிகிரி தண்ணியில் கடல் மட்டத்தில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 20 டிகிரியில் 9. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் காத்தழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால 9ங்கிறது 7 பக்கம் வந்துடும். ட்ரவுட்டுக்கு 20 டிகிரியைத் தாண்டினாலே திணறல்தான். கோடையில் மத்தியானம் ரெண்டு மணிக்கு, ரெண்டாம் நம்பர் ராடும் மயிரிழைத் தங்கூசியுமா அஞ்சு நிமிஷம் விளையாட்டுக் காட்டி விட்ட மீன், கண்ணுக்கு நீந்திப் போற மாதிரி தெரியும், பின்னாடி சாகும். சீக்கிரம் கரைக்குக் கொண்டுவர்ற அளவுக்குத் தங்கூசி, எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கின முள், காலை நேரம். இதெல்லாம் ராட் நம்பரைவிட முக்கியம்.

அப்போ எது வாங்கறது?

நீலகிரித் திறந்த ஓடைக்கு, ஒரே ஒரு ராட்தான் வாங்க முடியும்னா: எட்டு முதல் எட்டரை அடி, நாலாம் நம்பர், இளக்கமா வளையுறது, கண்ணாடி இழையோ மெதுவான கார்பனோ. நாலு துண்டா கழட்டுறதா இருந்தா மடிச்சா 65 செ.மீ. பக்கம் வரும், பஸ்ஸில் மேலே வைக்கலாம். காத்து அதிகம்னா அஞ்சாம் நம்பர் லைன் போட்டுக்கலாம். ஏழு அடி மூணாம் நம்பர் ஏற்கனவே கையில் இருந்தா விக்க வேண்டாம், லைனை மட்டும் ஒரு நம்பரோ ரெண்டு நம்பரோ ஏத்துங்க. சோலைக்குள்ள நுழைஞ்சு வீசுறதுக்குன்னு குட்டை ராட் வாங்க நினைக்கிறவங்களுக்கு: அந்தச் சோலையை அதோட போக்கில் விட்டுடறது நல்லது.

இதையெல்லாம்விட முன்னாடி வர்ற கேள்வியை அறிவுரைகள் தொடறதே இல்ல. எந்தத் தண்ணியில் நிக்க உங்களுக்கு அனுமதி இருக்கு? முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்கா ஆச்சு, உள்ளே மீன்பிடிப்புக்கு இடமில்ல. சுத்தி இருக்கிற நல்ல ஓடைகளில் பல காப்புக்காட்டுக்குள்ள ஓடுது. ஊட்டியில் வனத்துறை, மீன்வளத்துறை ரெண்டு பேர்கிட்டயும் அந்தப் பருவத்துக்கு எது திறந்திருக்குன்னு கேட்டுட்டுத்தான் கிளம்பணும். மழைக்காலத்தில் பேச்சே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல கொட்டினது.

அனுமதி கிடைக்கிறது ஓடையா இல்லாம அணைக்கரையா இருக்கலாம். அப்போ தூரம் இருபது அடி இல்ல, நாப்பது, அம்பது. காத்து நேரா முகத்தில் அடிக்கும். அங்கே மேலே போட்ட கணக்கு முழுசா மாறும். ஒன்பது அடி, அஞ்சாம் நம்பர் சரியா வரும், விறைப்பான கார்பனுக்கும் அங்கேதான் வேலை. அதனால வரிசை இதுதான்: முதல்ல அனுமதியுள்ள தண்ணி, அப்புறம் அங்கே எத்தனை அடி லைன் வெளியே வரும்ங்கிற கணக்கு, அப்புறம் காத்து, கடைசியா ராட். கடைகள் சொல்ற வரிசை தலைகீழ். அதைப் பின்பற்றி ஒரு மாசச் சம்பளத்தில் கணிசமான பங்கைப் போட்டு வாங்கின மூணாம் நம்பர்கள் இந்த மாவட்டத்திலேயே சில பரண் மேல இருக்கும்.